சுருளும் சுவடியும் முறியும்

‘ஸ்குறோல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாது என வினவினால், சுருள், ஏடு, சுவடி, பட்டயம், கையெழுத்துப் படி என நான்கைந்து விடைகள் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. ஒரு பொருளுக்கு ஐந்து பெயர் இருத்தல் மொழியின் வளம் என்று மகிழ்வாரும் உளர். ஐந்து வேறு பொருள்களை ஒன்றென மயங்குதலை வளம் என்று எங்ஙனம் கூறுவது? மொழிபெயர்ப்புகளில் இம்மயக்கம் அடிக்கடி தலைகாட்டுவதால், அச்சொல்லின் பிறப்பையும் அதனோடு ஒத்த நம் சொற்களின் பிறப்பையும் சற்று ஆராய்ந்து பார்ப்பது தகும்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. சுருண்டிருப்பதனால் அப்பெயர் வந்தது என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. பழைய பிராங்கிய மொழியிலே கிழித்த துண்டு என்னும் பொருளுடைய சொல் ஒன்று இருந்தது. அது பிரெஞ்சு மொழியிற் புகுந்து தோலில் நறுக்கிய கீற்றைக் குறித்தது. நோர்மானியரின் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்து, எழுத்துப் பொறித்த தோற்கீற்றுக்குப் பெயராயிற்று. அந்நாட்டிலே அரசிறைக் கணக்குகளும் தீர்ப்புகளும் தோலில் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்டன. அச்சுருளுக்கு ‘றோல்’ என்று பெயர். (நம் சிற்றுண்டிச்சாலைகளில் தேநீரோடு வரும் றோலும் அதே சொல்லே.) துண்டும் சுருளும் ஒரே எழுத்தர் கையிற் புழங்கியமையால், துண்டின் பெயர் சுருளின் பெயரோடு ஒட்டி, 1400ஆம் ஆண்டளவில் ‘ஸ்குறோல்’ எனத் திரிந்தது. ஆகவே அச்சொல்லின் தலை கிழிந்த துண்டு, வால்தான் சுருள். தாளைக் கிழித்துக் கீற்றாக்குவதைக் குறிக்கும் ‘ஷிறெட்’ என்பது அதற்கு மிக நெருங்கிய உறவு.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய புதுமை என்று கருதற்க. கிரேக்கர் வெட்டிய துண்டைத் ‘தோமொஸ்’ என்றனர். பின்னர் அச்சொல் பப்பைரஸ் சுருளையும் நூலின் ஒரு பாகத்தையும் குறிக்கலாயிற்று. அது இலத்தீனுக்குச் சென்று, போர்த்துக்கேயரிடம் வந்தபோது பதிவேட்டின் பெயராயிற்று. இலிசுபன் நகரிலுள்ள அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. அச்சொல் கடல் கடந்து நம்மிடமும் வந்தது. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் இலங்கையில் காணிகளையும் குடிகளையும் வரிகளையும் பதிந்து வைத்த தோம்பு அதுவே. தோம்பிலே தன் பாட்டன் பெயர் உண்டென்று பெருமை பேசுபவர், கிரேக்கர் வெட்டிய துண்டொன்றின் பெயரையே பேசுகிறார்.

தமிழிலும் இதே நிகழ்ச்சியைக் காண்கிறோம். முறித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது முறி. முறி என்றால் துண்டு. முறி என்றால் தளிர். முறி என்றால் எழுதிக் கொடுத்த பத்திரமுமாம். முறித்தெடுத்த ஓலைத் துண்டிலே எழுதப்பட்டமையால் பத்திரம் முறியாயிற்று என்று கொள்வதே பொருந்தும். கடன் முறி, அடிமை முறி என்பன பண்டை வழக்குகள். 2015ஆம் ஆண்டு மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் எழுந்தபோது இந்நாட்டிற் பத்திரிகை படித்தோர் யாவரும் அச்சொல்லைப் பலமுறை உச்சரித்தனர். திறைசேரி முறி என்பது இன்றும் நாள்தோறும் அச்சேறுகிறது. பனையோலையில் நறுக்கிய ஒரு கீற்று கோடிக்கணக்கான ரூபாவைத் தாங்கி நிற்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? ‘நறுக்கு’ என்பதும் அவ்வாறானதே. ‘ஒரு துண்டு எழுதித் தாரும்’ என்று நம் ஊரவர் கேட்பதும் அதுவே. எழுதுபொருளை வெட்டியெடுத்த செயலே எழுத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டது.

இனி, சுவடிக்கும் சுருளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். இதுவே தலையாயது.

பனையோலை நீளத்தில் அளவுபட்டது. ஓலையோடு ஓலையை ஒட்டி நீட்டிச் சுருட்டினால் வெடித்துவிடும். ஆதலின் நம் முன்னோர் ஓலையை ஒத்த அளவில் நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். அதுவே சுவடி. அதன் ஒவ்வோர் இதழும் ஏடு. எகிப்தியரின் பப்பைரஸும் யூதரின் தோலும் அத்தகையன அல்ல. ஒட்டியும் தைத்தும் வேண்டிய மட்டும் நீட்டலாம். 1947ஆம் ஆண்டு முதலாகச் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளிற் கிடைத்தவற்றுள் ஏசாயா ஆகமச் சுருள் ஒன்று உண்டு. 17 தோல்களைத் தைத்து ஆக்கிய அது ஏழு மீற்றருக்கு மேல் நீளமானது. 54 பத்திகள் உடையது. அங்கே 1952இல் எடுக்கப்பட்ட செப்புச் சுருளோ விரிக்க இயலாதபடி இறுகிப்போயிருந்தது. அதனை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசென்று 1955, 1956ஆம் ஆண்டுகளில் 23 கீற்றுகளாக அறுத்தே படித்தனர். சொல்லின் பழம்பொருளுக்கே அச்சுருள் மீண்டு போயிற்று எனலாம்.

இவற்றைச் ‘சாக்கடற் சுவடிகள்’ என்று எழுதுவோர் படிப்பவன் மனத்திலே பிழையான ஓவியத்தைத் தீட்டுகின்றனர். பெயர் மட்டுமன்று, படிக்கும் முறையே வேறு. சுவடியில் நூறாவது ஏடு வேண்டுமாயின் கட்டவிழ்த்து நேரே எடுக்கலாம். சுருளில் நூறாவது பத்தி வேண்டுமாயின், ஒரு கையால் விரித்து மறு கையாற் சுருட்டி, தொண்ணூற்றொன்பது பத்திகளையும் கடந்தே செல்லல் வேண்டும். மெய்கண்டதேவரின் தந்தையார் அச்சுதகளப்பாளர் மகப்பேறு வேண்டித் திருமுறையிலே கயிறு சாத்திப் பார்த்த வரலாறு சைவ உலகம் அறிந்தது. சுவடியாயிருந்தமையாலன்றோ ஏடுகளின் இடையே கயிறு சாத்த முடிந்தது! சுருளிற் சாத்துவதற்கு இடையேது?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே விவிலியத்தைத் தமிழாக்கியோர் இவ்விடத்தில் நமக்கு முன்மாதிரி. அவர்கள் காலத்திலே ஓலைச்சுவடி எங்கும் கண்ட பொருள். ஏடு என்றே எழுதிவிட்டு எளிதில் நகர்ந்திருக்கலாம். அவர்களோ ‘புஸ்தகச்சுருள்’ என்று ஒரு சொல்லை அமைத்தனர். காதுக்கு இனிமையற்ற சொல்தான். ஆயினும் பொருளைக் கண்ணாற் கண்டவன் அமைத்த சொல்.

தமிழர் எழுத்தைச் சுருட்டியதே இல்லையோ எனின், சுருட்டினர்; நூலையன்று, திருமுகத்தை. தனியோலையைச் சுருட்டி இலச்சினையிட்டு அனுப்பினர். சிலப்பதிகாரத்திலே மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலை முடங்கல் எனப்படுகின்றது. முடங்குதல் என்பது மடங்குதல், வளைதல். எத்துணை அழகிய சொல்! கடிதம் என்னும் வந்த சொல்லும் ‘லெற்றர்’ என்னும் நேற்றைய சொல்லும் அதனை ஏட்டுக்குள்ளேயே முடக்கிவிட்டன.

சுருள் என்னும் சொல்லுக்கோ வாழ்வு வேறிடங்களில் அமைந்தது. வெற்றிலைச் சுருள் உண்டு. தென் தமிழகத்து மணவீடுகளில் மணமக்களுக்கு வைக்கும் பணத்துக்கும் சுருள் என்றே பெயர். அதன் இனமாகிய சுருட்டு ஆங்கிலத்துக்கே சென்று ‘செரூட்’ ஆயிற்று. எழுத்துச் சுருளின் பெயரை ஆங்கிலரிடம் கேட்டு நிற்கும் நாம், புகையிலைச் சுருளின் பெயரை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இத்துணை நுணுக்கம் எதற்கு, பழங்காலத்து எழுத்து என்றால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. சுவடியைக் கையாலே தொட்டுக் கட்டவிழ்த்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. பொருள் மறைந்த இடத்திலே அதனை உள்ளபடி உணர்த்தச் சொல் ஒன்றே எஞ்சும். அச்சொல்லையும் எகிப்தியச் சுருளுக்கும் சீனச் சுருளுக்கும் இரவல் கொடுத்துவிட்டால், நம் பிள்ளைகளுக்குச் சுவடி என்றதும் திரைப்படங்களில் அரச தூதன் இரு கையாலும் விரித்துப் படிக்கும் நீண்ட பட்டைதான் தோன்றும்.

கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் எழுத்தை மேலும் கீழும் ஓடவிடுவதற்கும் ஆங்கிலர் அதே சொல்லை வினையாக்கி வழங்குகின்றனர். அதற்குத் தமிழில் ‘உருட்டுதல்’ என்று ஆள்கின்றனர். உருட்டும் புரட்டும் என்னும் வழக்கை நினைந்து சிலர் நகைக்கின்றனர், நகைக்கட்டும். விரல் செய்யும் செயலுக்கு அது பொருந்துகிறது. ‘தள்ளிப் பார்’ என்றாலும் குற்றமில்லை. அங்கே சுருளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ஆங்கிலச் சொல்லின் வேர் கிழிசல் என்று கண்டோம். அவ்வேரைப் பிடித்துத் திரையைக் கிழிக்கவா முடியும்? மொழிபெயர்ப்போன் வேரைக் கற்றுக்கொள்ளலாம். பெயர்க்க வேண்டியதோ கண்முன் நிற்கும் பொருளை.

வேரே துணை செய்யும் இடமும் ஒன்றுண்டு. பழைய பிரெஞ்சில் தோற்கீற்றைக் குறித்த அச்சொல்லே, சுருளோடு ஒட்டாமல் தனிவழி சென்று ‘எஸ்குறோ’ ஆயிற்று. இருவர் செய்யும் உடன்படிக்கையில், நிபந்தனை நிறைவேறும் வரையில் மூன்றாமவர் கையில் ஒப்படைத்து வைக்கும் பத்திரம் அது. பணத்துக்கும் இப்போது அப்பெயரே வழங்குகிறது. வங்கிகளும் வழக்கறிஞரும் இதனைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி விடுகின்றனர். துண்டு என்னும் பொருளில் முளைத்துப் பத்திரமாக முதிர்ந்த சொல் நம்மிடமும் இருக்கிறதே! இடையில் நிற்பவர் கையில் இருக்கும் முறியை ‘இடைமுறி’ என்றால் என்ன? பிணைமுறி வழங்கும் நாட்டிலே இடைமுறியும் வழங்கலாம் என்பது என் கருத்து. சட்டம் பயின்ற அன்பர்கள் இதனை விட நல்ல சொல் வைத்திருப்பின் எழுதுவார்களாக.