வயதுக்குச் சான்று உண்டு, பாதுகாப்புக்கு?

17 வயதுக்கு உள்பட்டோர் கால்பந்துப் போட்டியில் ஒரு சிறுவன் களமிறங்க வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஐயம் எழுந்தால் எலும்பு வயதுப் பரிசோதனைக்கும் உடன்பட வேண்டும். அவனை அழைத்துவரும் பயிற்சியாளரின் பின்னணி குறித்து இதே கண்டிப்புடன் யாரேனும் கேட்கிறார்களா?

1960-இல் தில்லியில் தொடங்கப்பட்ட சுப்ரதோ கோப்பை போன்ற போட்டிகளுக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பள்ளி அணிகள் வருகின்றன. பெற்றோர் உடன் வருவது அரிது. நெடிய ரயில் பயணத்திலும் தங்கும் விடுதியிலும் பயிற்சியாளரே அப்பிள்ளைகளுக்கு எல்லாம். அணித் தேர்வும், பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய ரயில்வே, காவல் துறை வேலையும் அவரது ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாகக் குடும்பமே நம்புகிறது. அத்துமீறல் நேர்ந்தால் பிள்ளை வாய் திறக்காததற்கு இதுவே காரணம்.

2022 ஜூனில், 17 வயதுக்கு உள்பட்ட இந்திய மகளிர் அணி ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது, உதவிப் பயிற்சியாளர் மீது பாலியல் ரீதியான முறைகேட்டுப் புகார் எழுந்தது. அவர் நாடு திரும்ப உத்தரவிடப்பட்டு, சில நாள்களில் பதவிநீக்கமும் செய்யப்பட்டார். அப்போது கால்பந்து சம்மேளனம் உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருந்தது. உலகக் கோப்பைப் போட்டியும் நெருங்கிக்கொண்டிருந்தது. நாடே கவனித்த அணிக்கு இந்த நடவடிக்கை கிடைத்தது. யாரும் கவனிக்காத மாவட்ட அணிக்கு?

சட்டம் இல்லை என்று கூற இயலாது. போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் பற்றி அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2020-இல் வெளியான விதிகளோ விளையாட்டுப் பயிற்சிக் கூடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, குழந்தைகளுடன் தொடர்புடைய ஒவ்வொரு பணியாளரின் பின்னணியையும் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்கக் கட்டளையிடுகின்றன. ஒப்பந்தப் பணியாளருக்கும் விலக்கு இல்லை.

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவை 2025 ஆகஸ்ட் 11-இல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றின. பெண்கள், சிறார்களுக்கான பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை அதில் இடம்பெற்றது வரவேற்கத்தக்கதே. ஆனால் வெளியில் அதிகம் பேசப்பட்டது கிரிக்கெட் வாரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருமா என்பதுதான். சிறாரின் பாதுகாப்பு அந்த அளவுக்குப் பேசுபொருளாகவில்லை.

மேலும், விளையாட்டு என்பது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளது. தேசிய சம்மேளனங்களை நெறிப்படுத்தும் சட்டம், வாடகை மைதானத்தில் மாலைதோறும் நடக்கும் தனியார் பயிற்சி முகாமை எளிதில் எட்டாது. அங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள்.

இங்கிலாந்தின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் தமக்கு நேர்ந்த கொடுமையை முன்னாள் வீரர் ஒருவர் 2016-இல் வெளிப்படுத்திய பிறகே அங்கு உண்மைகள் அணிவகுத்தன. 1995 அக்டோபர் முதல் 2000 மே வரை குழந்தைகளைக் காக்கக் கால்பந்துச் சங்கம் போதிய அளவு செயல்படவில்லை என்று ஷெல்டன் விசாரணை அறிக்கை 2021-இல் கூறியது. வதந்திகளைக் கேட்டும் கேளாதிருந்த கிளப்புகளையும் அது சுட்டிக்காட்டியது.

நாம் செய்யவேண்டியது கடினமன்று. பயிற்சியாளரின் காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று இல்லாத அணியைப் போட்டியில் சேர்க்கக் கூடாது. சிறுமியர் அணியுடன் பொறுப்புள்ள பெண் அலுவலர் ஒருவர் பயணம் செய்ய வேண்டும். 1098 என்ற உதவி எண் ஒவ்வொரு மைதானத்திலும், தங்குமிடத்திலும் எழுதிவைக்கப்பட வேண்டும். புகாரை விசாரிப்பவர் அணித் தேர்வில் தொடர்பில்லாதவராக இருத்தல் அவசியம்.

வீரரின் வயதைச் சரிபார்க்க முடிந்த நிர்வாகத்துக்குப் பயிற்சியாளரின் தகுதியைச் சரிபார்ப்பது இயலாத காரியமன்று. மாநில அரசுகளும் சம்மேளனமும் அடுத்த போட்டிப் பருவத்துக்கு முன்பே இதைக் கட்டாயமாக்க வேண்டும்.