மெரூன் பெட்டிக் கடை

ஹைதராபாத்தில் சார்மினாரை ஒட்டி மேற்கே நீளும் லாட் பஜாரில் அரக்கு வளையல் வாங்கியவர்களிடம், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். கடைப் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? வாசலில் நின்று கூப்பிட்ட பையன், விளக்கு வெளிச்சத்தில் மின்னிய அடுக்குகள், தலை நிமிர்ந்தால் சார்மினார், இவைதான் ஞாபகத்தில் நிற்கும். அங்கே தெருதான் பிராண்ட். லோகோ வரைய வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

அதே வளையலை செல்போன் திரையில் விற்க வரும்போது சங்கடம் தொடங்குகிறது. திரையில் தெரு இல்லை, சார்மினாரும் இல்லை. கட்டைவிரல் அகலத்தில் ஒரு படம். பக்கத்திலேயே அதைப் போல இன்னும் நாற்பது.

என் தோழியின் மகள் சிகந்திராபாத்தில் இருந்துகொண்டு நான்கு வருடமாக இந்த வியாபாரம் செய்கிறாள். பழைய நகரத்தில் மூன்று குடும்பங்களிடம் வளையல் செய்து வாங்கி, இணையத்தில் விற்பனை. கெட்டிக்காரி. ஆனால் ஒரு பலவீனம்: கடையின் கோலத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள். தீபாவளிக்கு ஒரு சின்னம், ரம்ஜானுக்கு இன்னொன்று. முதல் வருடம் மெரூன் அட்டைப் பெட்டி, அடுத்த வருடம் வெளிர் பச்சை, பிறகு யாரோ சொன்னார்கள் என்று பொன்னிறம். பெயரையும் ஒரு முறை 'நவீனப்படுத்தி'னாள். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "முன்னே மெரூன் பெட்டியில அனுப்புவாங்களே, அந்தக் கடை நம்பர் தெரியுமாம்மா?" என்று இவளிடமே விசாரித்திருக்கிறார்.

சிரிக்கலாம். ஆனால் அதே மாதம் இவள் எடுத்த படங்களை அப்படியே போட்டு, வேறொருவர் பாதி விலைக்கு பிளாஸ்டிக் வளையல் விற்றுக்கொண்டிருந்தார். ஏமாந்தவர்கள் திட்டியது இவளை. ஆர்டர் குறைந்தது, அரக்கு உருக்கும் வீடுகளுக்கும் வேலை குறைந்தது. திருட்டு திருட்டுதான். ஆனால் இது இன்ன கடையின் படம் என்று சொல்ல அந்தப் படங்களில் என்ன இருந்தது? ஒன்று பட்டுத் துணி மேல், ஒன்று ரோஜா இதழ் மேல், ஒன்று யாரோ ஒருத்தியின் கையில். அலுப்பு வருவது எப்போதும் கடைக்காரருக்குத்தான். அவள் தினமும் பார்க்கிறாள். வாங்குபவர் பார்ப்பது வருடத்தில் இரண்டு முறை.

பெரிய இடத்திலும் பெயர் மாறியதுண்டு. ஒன்றுபட்ட ஆந்திராவில் அரசு கைவினைக் கடைகளுக்கு லேபாக்ஷி என்று பெயர். ராயலசீமையில் உள்ள சிற்பக் கோயில் கிராமம் அது. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது ஊர் ஆந்திராவில் தங்கியது. பெயரும் அதனுடன் போயிற்று. தெலங்கானா தன் கடைகளுக்கு கோல்கொண்டா என்று பெயர் சூட்டியது. நிர்மல் பொம்மையும் சேரியால் சுருள் ஓவியமும் அப்படியே இருக்க, பலகை மட்டும் மாறியது. அரசாங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது, தாங்கும். ஓர் அறையில் நடக்கும் கடை தாங்குமா?

சட்டம் ஓரளவு உதவும். ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவர் தன்னை அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். அந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு டீ விலை. ஆனால் குறியீடு ஊரைத்தான் காட்டும், கடையைக் காட்டாது. கடைப் பெயருக்கு டிரேட் மார்க் தனி. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பெயரை நினைத்தபோது மாற்றுகிறவருக்கு அதனால் என்ன பயன்?

பழைய நகரத்தில் அந்தக் குடும்பங்களில் ஒன்றைப் பார்க்கப் போனோம். கரி அடுப்புச் சூட்டில் அரக்கு இளகுகிறது. உருட்டிக் கயிறாக்கி, வளைத்து, முனைகளைச் சூட்டோடு ஒட்டி, இறுகுவதற்குள் கல் பதிக்கிறார்கள், ஒவ்வொன்றாக. என்னால் அந்தச் சூட்டில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. போனில் இருந்த வளையல் படங்களைப் பெரியவரிடம் காட்டினோம். இரண்டை உடனே ஒதுக்கினார். "இது நம்ம வேலை இல்லை." எப்படித் தெரியும்? கல் வரிசையைக் காட்டினார். அவர் வீட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விடும் வழக்கம் இல்லையாம், அவர் அப்பா காலத்திலிருந்து. தோழியின் மகள் என்னைப் பார்த்தாள். நான்கு வருடமாக அவரிடம்தான் வாங்குகிறாள். இது அவளுக்குத் தெரியாது.

இப்போது எல்லா வளையலும் ஒரே பழைய மரப்பலகை மேல், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படமாகின்றன. ஒரு படம் மட்டும் கிட்டத்தில், கல் வரிசை தெரியும்படி. டிசைன் மாதா மாதம் மாறுகிறது, பலகை மாறுவதில்லை. பழைய பெயர் திரும்பிவிட்டது. பெட்டி மறுபடி மெரூன். மிச்சமான பொன்னிறப் பெட்டிகளில் தோழி ஊக்கும் பொத்தானும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருக்கிறாள். கோயம்புத்தூர் அம்மாவுக்கு நம்பர் கொடுத்தாயிற்று.