முடித்தலும் நிறைவித்தலும்

ஆங்கிலத்திலுள்ள ‘பினிஷ்’, ‘கம்ப்ளீட்’ என்னும் வினைகளை மாணாக்கர் பலர் ஒரு பொருளனவாகக் கருதி, இரண்டையும் ‘முடித்தான்’ என்றே மொழிபெயர்க்கின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று. முன்னது செயல் ஓய்ந்ததைக் குறிக்கும். பின்னது குறைவற நிரம்பியதைக் குறிக்கும். உண்ணுதல், படித்தல் போன்ற தொழிற்பெயரை முன்னது ஏற்கும், பின்னது ஏற்பதில்லை.

நம் ஊரிலேயே சான்றுண்டு. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் ஐயரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913-ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணி, பின்னர்ச் சென்னைக்கு மாற்றப்பெற்றது. வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராயிருந்த காலத்தே, 1936-இல், அது ஆறு தொகுதிகளாக முடிந்தது. ஆயினும் 1939-இல் அநுபந்தமும் வெளிவர வேண்டியதாயிற்று. எனவே 1936-இல் நிகழ்ந்ததற்குப் ‘பினிஷ்’ தகும். ‘கம்ப்ளீட்’ தகுமோவென ஐயுறுகின்றோம்.

தமிழிற் சொற்பஞ்சமில்லை. தீர்த்தல், நிறைவித்தல், நிறைவேற்றுதல் எனப் பலவுள. முற்றுதலோ விந்தையான சொல்: நூலின் ஈற்றில் ‘முற்றிற்று’ என்றால் வேலை ஒழிந்தது, வைகைப் பாசனத்து உழவர் நெல் முற்றியது என்றால் அரிவாளுக்கு வேலை இனிமேல்தான். இவையனைத்தையும் ‘முடி’யென்னும் ஒரே முடிச்சில் முடிந்துவைப்பது சோம்பலேயாம். நிறைவு குறித்த இடத்தில் ‘முடித்தான்’ என எழுதப்பட்ட மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் குறைக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். மாணாக்க நண்பர் எம்மைச் சினவாதிருப்பாராக.