தீர்ப்புக்கூற அமர்ந்த குற்றவாளி

சட்டம் கற்றோரும் கமத்தொழில் புரிவோரும் ஒருங்கே படித்துப் பயன்பெறத்தக்க நாவல்கள் மிகச் சில. அவற்றுள் தலையாயது உருசியப் பேரறிஞர் லியோ டால்ஸ்டாய் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட 'புத்துயிர்ப்பு'. ரா. கிருஷ்ணையா அவர்கள் அதனைத் தமிழாக்கித் தந்துள்ளார். நீதித்துறை அறிஞர் கோனி 1887ஆம் ஆண்டில் டால்ஸ்டாயிடம் கூறிய உண்மை நிகழ்ச்சி ஒன்றே இக்கதைக்கு வித்தாயிற்று.

வணிகன் ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றாள் என்ற குற்றச்சாட்டின்மீது மாஸ்லவா என்னும் பெண் கூண்டில் நிற்கின்றாள். ஜூரிமாருள் ஒருவனாக நெஹ்லூதவ் என்னும் பிரபு அமர்ந்திருக்கின்றான். அவளை அவன் அறிவான். தன் அத்தைமார் வீட்டில் வளர்ந்த அந்த ஏழைப் பெண்ணை இளமையிற் கெடுத்து, நூறு ரூபிளைக் கையில் திணித்துவிட்டுச் சென்றவன் அவனே. பின்னர் அவள் அவ்வீட்டை விட்டு நீங்க நேர்ந்தது, பெற்ற பிள்ளையும் இறந்தது, ஈற்றில் விலைமகளானாள். கெடுத்தவன் தீர்ப்புக்கூறும் இடத்தில் இருக்கின்றான். கெடுக்கப்பட்டவள் கூண்டில் நிற்கின்றாள்!

கொடுத்தது உறக்க மருந்தென்றே அவள் நம்பியிருந்தாள். ஜூரிமாரும் அவளைக் காப்பாற்றவே எண்ணினர். ஆயினும், 'கொல்லும் நோக்கமின்றி' என்ற சொற்களைத் தீர்ப்பிற் சேர்க்க மறந்தனர். அந்த மறதியின் விலை நான்கு ஆண்டுக் கடூழியம். ஆலோசனை நடந்தபோது நெஹ்லூதவ் பேச விரும்பினான். தன் பழைய உறவு வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சினான். அவள் சைபீரியாவுக்குப் போய்விட்டால் தன் தொல்லை தீரும் என்ற எண்ணமும் அவன் உள்ளத்தில் எட்டிப்பார்த்தது. சட்டத்தொழிலில் உள்ள நாம் இப்பகுதியை நெஞ்சு நடுங்காமற் படித்தல் இயலாது. இங்கு எவரும் பொய்ச்சாட்சி கூறித் தீர்ப்பைக் கெடுக்கவில்லை, கையூட்டும் கைமாறவில்லை. அசட்டையும் அச்சமுமே ஒரு பெண்ணின் வாழ்வைப் பறித்தன.

நெஹ்லூதவின் மனச்சான்று விழிக்கின்றது. அவளை மணப்பதாகக் கூறி மறியற்சாலைக்குச் செல்கின்றான். அவளோ சீறுகின்றாள். அன்று தன் இன்பத்துக்குக் கருவியாக்கியவன் இன்று தன் ஆன்ம ஈடேற்றத்துக்கும் அவளையே கருவியாக்க வந்தானென்பது அவள் வழக்கு. இதற்கு விடையென்ன? பரிகாரம் யாருக்காக? தீங்கிழைத்தவனின் மனநிம்மதிக்காகவா, தீங்குற்றவளின் வாழ்வுக்காகவா? இவ்வினாவே நூலின் உயிர்நாடி. மன்னிப்பதா, ஏற்பதா, மறுப்பதா என்று முடிவுசெய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது என்பது நம் துணிபு. அவள் எதனைத் தெரிந்தாள் என்பதை இங்குக் கூறோம். அதனை வாசகர் நூலிற் கண்டு கண்கலங்குவதே முறை.

கமக்காரர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி வேறொன்றுண்டு. நிலம் எவருடைய தனியுடைமையும் ஆகாது என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையைத் தழுவிய நெஹ்லூதவ், தன் காணிகளைக் குடியானவர்களிடம் ஒப்படைக்க முன்வருகின்றான். ஓரூரில் அவர்கள் செலுத்தும் குத்தகைப் பணமும் அவர்களுடைய பொதுநிதிக்கே சேரும் என்கின்றான். அவர்களோ இதில் ஏதோ சூழ்ச்சி உண்டென்று ஐயுறுகின்றனர். தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டவன், கொடுக்க நீட்டிய கையையும் பறிக்க நீட்டிய கையென்றே கருதுவான். அந்த ஐயம் அறியாமையன்று, அனுபவம்.

இந்நூலிற் போதனை மிகுதி என்பாரும் உளர். இறுதிப் பக்கங்களில் அது உண்மையே. ஆயினும் டால்ஸ்டாய் வாயளவிற் போதித்தவரல்லர். படைச்சேவையை மறுத்துத் துன்புற்ற துகோபர் என்னும் சமயப் பிரிவினர் கனடாவிற் குடியேறுவதற்கு இந்நூலின் வருவாயை வழங்கினார். 1899ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு கடல்கடந்தனர்.

பேசவேண்டிய வேளையில் வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் எல்லாச் சமுதாயத்திலும் உளர், நம்மிடையேயும் உளர். அவர்கள் கையில் இந்நூல் சேர்தல் வேண்டும். வாங்கிப் படியுங்கள், படித்தபின் அயலவருக்குக் கொடுங்கள்!