பிரவுசரை முடுக்கும் பழைய குறிப்புகள்

பிரவுசர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புலம்பினால், இன்றும் சிலர் ஒரு குறிப்பை எடுத்து நீட்டுகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபௌட்:கான்ஃபிக்' என்று தட்டுங்கள், பைப்லைனிங் என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள், அதன் உச்ச எண்ணை 30 ஆக மாற்றுங்கள், பக்கம் பறக்கும். 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்த காலத்தை ஒட்டிப் பரவிய குறிப்பு இது. இன்று இது செல்லாது. ஏன் என்று நிதானமாகப் பார்த்தால், எதை மாற்றினால் பலன் உண்டு என்பதும் விளங்கிவிடும்.

வலைப்பக்கம் என்பது ஒரே கோப்பு அல்ல. படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் என்று பலவற்றைப் பிரவுசர் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. ஒரு சர்வருடன் 2 நிலையான இணைப்புகளுக்கு மேல் வேண்டாம் என்றது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் 1999-இல் வந்த 1.1 வரையறை. ஒவ்வோர் இணைப்பிலும் ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்ததைக் கேட்பது வழக்கம். கோரிக்கை போய்ப் பதில் திரும்பக் கால் நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்; 40 கோப்புகளுக்குக் காத்திருப்பு மட்டுமே 5 நொடி.

பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பிவிடுவதுதான் பைப்லைனிங். நல்ல யோசனை. ஆனால் கேட்ட வரிசையிலேயே பதில் வந்தாக வேண்டும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை பதியாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்பதுபோல, முதல் கோப்பு தாமதித்தால் மற்றவையும் தேங்கின. சில சர்வர்களும் ப்ராக்ஸிகளும் குழம்பித் தவறான பதில் தந்தன. அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அதை அணைத்தே வைத்திருந்தது. போதாக்குறைக்கு, அந்தக் கால ஃபயர்ஃபாக்ஸ் 8-க்கு மேல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் 8 என்றுதான் எடுத்துக்கொண்டது!

2015-இல் எச்டிடிபி 2 வந்து, ஒரே இணைப்பில் பல கோப்புகள் எந்த வரிசையிலும் கலந்து வர வழி செய்தது. 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் 54 பைப்லைனிங்கையே நீக்கிவிட்டது. 2022-இல் வரையறுக்கப்பட்ட எச்டிடிபி 3-இல், ஒரு தரவுப் பொட்டலம் வழியில் தொலைந்தாலும் மற்றக் கோப்புகள் நிற்பதில்லை. இவற்றை நாம் போய் இயக்க வேண்டியதில்லை. இன்று அபௌட்:கான்ஃபிக்கில் பைப்லைனிங்கின் அந்தப் பழைய பெயரைத் தட்டினால், புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறீர்களா என்று பிரவுசர் கேட்கும். உருவாக்கினால் சேமித்தும் வைக்கும். ஆனால் அதைப் படிக்கும் நிரல் எதுவும் உள்ளே இல்லை.

இன்றைய சுமை பெரும்பாலும் ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. விளம்பரமும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும் இறங்கினால் மட்டும் போதாது, ப்ராசசரில் ஓடவும் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியை மூச்சுத் திணற வைப்பவை இவைதான். ஃபயர்ஃபாக்ஸில் கண்காணிப்புத் தடுப்பைக் 'கடுமையான' நிலைக்கு மாற்றுவதும், யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைப் போடுவதும் கண்கூடாகப் பலன் தரும். சில தளங்கள் கோணலாகத் தெரியலாம். அங்கே மட்டும் தளர்த்திக்கொள்ளலாம். எப்போதோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். குரோமில் மெமரி சேவரை இயக்கினால், தொடாமல் கிடக்கும் டேப்கள் நினைவகத்தை விட்டுக்கொடுக்கும்.

தினமும் கேஷை அழிப்பது வேகத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையைக் கட்டாயம் கைவிட வேண்டும். ஏற்கெனவே இறங்கிய படத்தை மறுபடி இறக்காமல் இருக்கத்தான் கேஷ். பக்கம் உடைந்து தெரிந்தால் அழிக்கலாம், மற்றபடி வேண்டாம்.

எதை மாற்றுவதற்கும் முன்னால் எஃப்12 விசையைத் தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டை வரும். முதல் வரியிலேயே, சர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் பல நொடிக்கு நீண்டிருந்தால், தாமதம் பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான். பிரவுசரில் எதைத் திருகியும் பயனில்லை. முதல் வரி சட்டென்று முடிந்து, அதன் கீழே வேறு வேறு முகவரிகளிலிருந்து ஸ்கிரிப்ட்டுகள் நீள வரிசையாக இறங்கினால், தடுப்பானை அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.