மேடேறும் நீர்ச்சறுக்கும் வேனிற்காலத் தண்ணீரும்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் தீவுவாழ் தமிழர்களின் பிள்ளைகள் மகாபலிபுரத்தையும் வண்டலூரையும் கேட்ட காலம் போய், இப்போது வொண்டர்லாவைக் கேட்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில், 611 கோடி ரூபாய் முதலீட்டில் எழுந்த இந்தப் பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. கொச்சியில் 2000-இலும், பெங்களூரில் 2005-இலும், ஐதராபாத்தில் 2016-இலும், புவனேசுவரத்தில் 2024-இலும் கடை விரித்த அதே கம்பெனிதான். சென்னைக்கு வர இத்தனை காலம் பிடித்ததற்கு முக்கிய காரணம் இயந்திரமல்ல, உள்ளாட்சிக் கேளிக்கை வரி. பத்தாண்டுகளுக்கு வரிவிலக்கு கிடைத்த பிறகே காரியம் நகர்ந்தது.

கிஷ்கிந்தா, எம்.ஜி.எம்., குயின்ஸ்லாந்து என்று சென்னைக்கு இத்தகைய பூங்காக்கள் புதியவை அல்ல. ஆயினும், தண்ணீரில் சறுக்கும் கலை இடைக்காலத்தில் வெகுதூரம் போய்விட்டது. இன்று உலகெங்கும் பேசப்படுவது ‘வாட்டர் கோஸ்டர்’. சாதாரண நீர்ச்சறுக்கில் ஏணிப்படி ஏறி, மேலிருந்து கீழே வருகிறோம், அத்துடன் தீர்ந்தது. வாட்டர் கோஸ்டரிலோ, இறங்கிய மிதவை மறுபடி மேடேறுகிறது, மறுபடி இறங்குகிறது. பள்ளத்தை நாடும் நீரை மேட்டுக்கு ஏற்றுவது எப்படி?

வழிகள் பல உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1990-களில் கையாண்ட முறை, மிதவையின் பின்புறம் நீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுவது. தீயணைப்புப் படையின் குழாய் ஆளைத் தள்ளுவதுபோல என்று வைத்துக் கொள்ளலாம். சுலபமான முறைதான், ஆனால் பெரிய பம்புகள் நாள் முழுதும் ஓட வேண்டும். மற்றொரு முறை, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றிவிடுவது. புதிய முறை காந்தத்தால் ஆனது. வீட்டு மின்விசிறியின் மோட்டாரை வெட்டி, சுருளை நீளவாக்கில் பாயாக விரித்ததாக எண்ணிப் பாருங்கள். மின்விசிறியைச் சுற்ற வைக்கும் அதே காந்தசக்தி, இங்கே நேர்கோட்டில் ஓடும். சறுக்குத் தடத்தின் அடியில் அந்தச் சுருள், மிதவையின் அடியில் உலோகத் தகடு. காந்தசக்தி தகட்டை இழுத்துக்கொண்டு மேடேறும். இந்தியானா மாநிலத்தில் 2010-இல் திறந்த ‘வில்டபீஸ்ட்’ சறுக்கு இவ்வகையைச் சேர்ந்தது. நீளம் 1,710 அடி.

இவ்வளவு வேகமாக ஓடும் ஒன்றில் மிதவையின் எடைதான் உயிர்நாடி என்பதைப் பலர் அறிவதில்லை. எடை கூடினால் வேகம் மிகுந்து, மேட்டின் உச்சியில் மிதவை தடத்தைவிட்டு எழும்பக்கூடும். கான்சாஸ் நகரில் 2014-இல் 168 அடிக்கும் அதிகமான உயரத்தில் ‘வெருக்ட்’ என்ற சறுக்கைக் கட்டினார்கள். சோதனையின்போதே மணல் மூட்டைகள் பறந்து விழுந்தன. திருத்தி அமைத்துத் திறந்தார்கள். 2016 ஆகஸ்ட் 7 அன்று மிதவை எழும்பி, மேலே வலையைத் தாங்கிய இரும்பு வளையத்தில் மோத, பத்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அந்த மாநிலத்தில் அப்போது, பூங்காக்காரரே ஏற்பாடு செய்யும் தனியார் பரிசோதனையைச் சட்டம் அனுமதித்திருந்தது. விபத்துக்குப் பிறகு, 2017-இல் சட்டத்தை இறுக்கினார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள், அதே 2016-ஆம் ஆண்டு மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் நடந்ததை நினைவுகூர வேண்டும். புதிய ராட்டினம் ஒன்றின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். டிக்கெட் வாங்கி வந்தவர்களல்லர்; அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். கோடிக்கணக்கில் முதலீடு என்று விளம்பரம் வருகிறது. ஆய்வு செய்தவர் யார், எந்தத் தேதியில், அடுத்த ஆய்வு எப்போது என்பதை நுழைவாயிலில் எழுதி வைத்தால் என்ன செலவாகிவிடும்? லிப்டுக்குள் ஒட்டி வைக்கிறோமே!

டிக்கெட் விவரமும் சொல்ல வேண்டும். சென்னைப் பூங்கா திறந்தபோது ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் ஆறாயிரம். சாப்பாடும் பஸ்ஸும் தனி. குமாஸ்தாவுக்கே கை கடிக்கும், கட்டட வேலைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. உயரம் போதாத குழந்தையைப் பெரிய சவாரிகளில் ஏற்றமாட்டார்கள். பணம் கொடுத்தும் வேடிக்கை பார்க்க நேரிடும்.

நம் தீவிலும் இப்படி ஒன்று வராதா என்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் பூமியில் தண்ணீருக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் குடமும் பிளாஸ்டிக் டிரம்மும் வைத்திருக்கும் நமக்குத் தெரியும். தனிக்காரி அணையின் மட்டம் இறங்கியதும், குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர். பூங்காக்களில் அதே நீரை வடிகட்டி, குளோரின் கலந்து திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள் என்பது உண்மைதான். எனினும் வெயிலில் ஆவியாவதும், சிதறுவதும், வடிகட்டியைக் கழுவ ஆவதும் தினந்தோறும் ஈடு செய்யப்பட வேண்டும். பம்புக்கும் காந்தத்துக்கும் வேண்டிய மின்சாரமோ, இங்கே பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை எரித்துப் பெறுவது. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். தீவுக்கு ரயில் கிடையாது.

மழைநீரைத் தேக்கத் தனிக் குளம், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடும் ஏற்பாடு, சூரிய மின்சாரம் ஆகியவற்றைக் காட்டி எவரேனும் திட்டம் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம். நகராட்சிக் குழாயை நம்பி வருவதாயிருந்தால், கணக்கை ஜனவரி முதல் ஏப்ரல் வரை போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகள் நிறைந்து வரும் மாதங்களும், நம் தெருக்களில் தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்கும் மாதங்களும் அவையே.