முயல் கூட்டுக்குள் போடும் பலகைத் துண்டு

தரம் 6 பிள்ளையொருவன் திங்கட்கிழமை அழுத முகத்தோடு வகுப்புக்கு வந்தான். அவன் வளர்த்த முயல் செத்துப்போச்சாம். மேசை செய்து மிஞ்சிய வார்னிஷ் பூசிய பலகைத் துண்டொன்றை, "கடிக்கட்டும்" என்று வாப்பா கூட்டுக்குள் போட்டிருக்கிறார். முயல் செத்தது அதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டில் "நீதான் ஒழுங்காகப் பார்க்கல்ல" என்று பிள்ளைக்கு ஏசியிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வார்னிஷைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தது?

முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் கிழமைக்கு 2, 3 மில்லிமீற்றர். தேயாவிட்டால் வளைந்து வாயைக் குத்தும், தின்ன ஏலாது. பல்லைத் தேய்ப்பது முதலில் புல்தான். அது எந்நேரமும் கூட்டில் கிடக்க வேண்டும். மரம் அதற்குப் பிறகுதான்.

அதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மருந்தடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவி இலையோடேயே போடலாம். மல்பெரியும் நல்லது. அலரியும் அவகாடோவும் நஞ்சு, இலைகூடக் கிட்ட வரக்கூடாது. பெயின்ட் பூசியது, பசை போட்ட பிளைவூட், பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய றப்பர் பலகை ஒன்றும் வேண்டாம். பலகை மடுவத்தில் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வராதீங்க.

முயல் அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்க.

எங்கட வளவில் கொய்யா மரம் இருக்கு. கிளை தேவையானவங்க பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.